நான் வச்ச கேப்பு

போனட்டத் தொறந்துட்டா பிளக்கப் பாக்காம நான் மூட மாட்டேன் அண்ணாச்சி. அது என் பழக்கம். ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனா போதும்னுதான் நீங்க சொன்னீங்க, நான் இல்லங்கல. தண்ணி ஊத்தியாச்சு. ஓஸு பைப்பு கிளிப்பையும் முறுக்கியாச்சு, இனி ஒழுகாது. திருச்செந்தூருக்கு என்ன அவசரம், நடை சாத்த இன்னும் நேரம் கெடக்கு. வெயில்ல நிக்காதீங்க, இப்படி ஷெட்டு நிழலுக்குள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும். பெட்டி மேல உக்காருங்க.

என்னது? என்ஜின் நல்லாத்தான் ஓடுதா? ஓடும், ஓடாம என்ன. எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும், நடு ரோட்டுல நிக்க வரைக்கும். நீங்க ஓட்டிட்டு வரும்போதே நான் காதக் குடுத்துக் கேட்டுட்டுதான் இருந்தேன். பழைய அம்பாசிடருக்கு இப்படி ஒரு சத்தம் வராது. தையல் மிஷின் கணக்கா வந்துது. ரொம்ப நல்லா வந்துது. அதுலதான் எனக்கு ஒரு யோசன.

எந்த ஊருன்னு சொன்னீங்க, பாவூர்சத்திரமா? ஆமா, போன வாரந்தான் அங்க ஒருத்தன் என்ஜினப் பாத்தான்னு சொன்னீங்கள்லா. உக்காந்திருந்த நேரத்துக்கு அந்த ஷெட்டுல ஒரு அக்கா மோர் கொண்டாந்து குடுத்தாவன்னும் சொன்னீங்க. பெருங்காயம் போட்டு. சரி சரி. நல்ல ஆளுங்கதான்.

இந்தா, மொத பிளக்கு வந்துட்டு. சுடத்தான் செய்யும். என் கை மரத்துப் போயி வருசம் ஆச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாது. பாருங்க, இந்த வெள்ளையா இருக்கது பீங்கான். நடுவுல ஒரு முள்ளு நிக்கி. அதுக்கு மேல ஒரு கம்பி வளஞ்சு வந்து நிக்கி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க எடவெளிதான் கேப்பு. பொறி இங்கனதான் தாவணும். எடவெளி கூடிட்டா தாவாது, கொறஞ்சா சக்தி இருக்காது. ரெண்டுலயும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், விட்டு விட்டு உதறும். இரும்பு அறுக்க ஆக்ஸா பிளேடு கனம் இருந்தா சரியான அளவு. சில பேரு கேஜு வச்சிருப்பானுவ, கம்பி வச்சிருப்பானுவ. எனக்கு அதெல்லாம் வேண்டாம். இந்த ஒடஞ்ச பிளேடுதான் எனக்கு கேஜு. துருப் புடிச்சா என்ன, அளவு அளவுதானே.

பாத்தீங்களா, பிளேடு போவ மாட்டேங்கு. கேப்பு கம்மி. பாவூர்சத்திரத்துக்காரன் வச்ச லட்சணம் இதான். இதுக்கு ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். திருப்புளிய நடுவுல குடுத்து, முள்ளுல ஊனி, ஒரு நெம்பு. டிக். அவ்வளவுதான். 

சத்தமா? அது ஒண்ணுமில்ல. சூட்டுல பீங்கான் அப்படித்தான் பேசும். நான் எந்த பிளக்க நெம்புனாலும் அந்தச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தாத்தான் எனக்கு வேல முடிஞ்ச மாதிரி.

நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டீங்களே. பயப்படாதீங்க. வெளிய எவனாவது பட்டுராஜன் கோவக்காரன்னு சொல்லிருப்பான். டீக்கடைக்காரன் சொன்னானா? அவன் சொல்லுவான். அவன் தம்பி லாரியில கிளீனரா இருக்கான், அவன் ஒருநாள் இங்க வந்து, 'என்ன பட்டு, நீ வச்ச செட்டிங்கு தட்டப்பாறை தாண்டல'ன்னு சிரிச்சான். பேரச் சொல்லிக் கூப்பிட்டான், அதக் கூட விட்டுட்டேன். சிரிச்சான் பாருங்க. கையில பிளக் ஸ்பானரு இருந்துது. முன்பல்லு ரெண்டும் இந்தா இந்த ஆயில் டப்பாக்குள்ள விழுந்துது. நானேதான் எடுத்துக் கழுவிக் காயிதத்துல மடிச்சுக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சேன். கோவக்காரன் செய்வானா அத?

என் கோவமெல்லாம் ஒருத்தன் மேலதான் அண்ணாச்சி. என் பொண்டாட்டிக்கு உடன்பிறந்தவன். சேர்மத்துரைன்னு பேரு. அவங்கம்மா செத்த பொறவு ஒத்தையில கெடந்தான், 'என் தம்பி அங்கன சோறு தண்ணி இல்லாம கெடக்கான், ஷெட்டுல சேத்துக்கிடுங்க'ன்னு ஜெயக்கனி அழுதா. ஜெயக்கனிதான் என் பொண்டாட்டி. சேத்துக்கிட்டேன். அன்னைக்கே சேக்காம இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு வீடு இருக்கும்.

அவன் வேல செய்யிறதப் பாத்தா உங்களுக்கே எரிச்சல் வரும். ஒரு பிளக்க எடுத்துட்டு வெளிச்சத்துக்குப் போவான். கண்ணுகிட்ட பிடிச்சுப் பாப்பான், தூரப் பிடிச்சுப் பாப்பான், பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா. சின்னதா ஒரு அரம் வச்சிருப்பான், அத வச்சு அந்தச் சைடுக் கம்பி நுனிய மட்டம் பண்ணுவான். மூல ரெண்டும் சதுரமா, கூரா நிக்கணுமாம், அப்பத்தான் பொறி ஒழுங்காத் தாவுமாம். பொறவு ஒரு கம்பிய நடுவுல விட்டுப் பாத்து, சைடுக் கம்பிய மட்டும் மெல்ல மெல்லத் தட்டுவான். நடு முள்ளத் தொடவே மாட்டான். 'அத்தான், முள்ளுல ஊனி நெம்பாதீங்க, பீங்கான் கீறிரும்'பான். எனக்கு. ஷெட்டு யாருது, சொல்லுங்க? போர்டுல யாரு பேரு எழுதிருக்கு?

அதக் கூட விட்டுட்டேன். ஒரு தட்டு தட்டினேன், ஸ்பானர் காம்பால, மண்டையில. ரத்தம் கொஞ்சந்தான். 'சின்னப் பய இல்லங்க அவன், ஆளு முன்னால அடிக்காதீங்க'ன்னு ஜெயக்கனி சொன்னா. சரின்னு பொறவு ஆளு இல்லாத நேரமாப் பாத்துதான் அடிச்சேன். பொண்டாட்டி பேச்சக் கேக்கவன் நான்.

ரெண்டாவது பிளக்கு. இதும் நெம்பணும். டிக். ம்.

கேளுங்க. கொஞ்ச நாள்ல நான் செட்டிங் பண்ண வண்டியெல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சிட்டு. டாக்டர் வண்டி வந்துது. அரிசி மில்லு வண்டி வந்துது. எல்லாம் மிஸ்ஸிங். எவன் வண்டி திரும்பி வருது? நான் கேப்பு வச்சவன் வண்டி. துரை வச்ச வண்டி ஒண்ணு கூட வரல. இதுக்கு என்ன அர்த்தம்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நான் வச்சத எவனோ கலைக்கான்னுதானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்?

நான் உடனே கைய வைக்கல பாத்துக்கிடுங்க. பொறுமையா இருந்தேன். பொறவு என்ன ஆச்சுன்னா, வண்டி திரும்பி வரதும் நின்னு போச்சு. அப்பத்தான் எனக்கு இன்னும் சந்தேகம். கலைச்சவன் ஏன் நிறுத்துனான்? வேற ஏதோ பெரிசாப் பண்ணுதான். வர்றவனெல்லாம் 'துரை இருக்கானா'ன்னு கேக்கான். என் ஷெட்டுக்குள்ள வந்து என் மூஞ்சியப் பாத்து, துரை இருக்கானாங்கான். வெளிய போர்டுல இன்னும் என் பேருதான் இருக்கு. பாருங்க.

ஒருநாள் மத்தியானம் சாப்புடப் போறேன்னு சொல்லிட்டு, அந்தா அந்த உடமரத்துப் பின்னால போயி நின்னேன். நான் அப்பத்தான் ஒரு வண்டிக்கு நாலு பிளக்கும் வச்சு முடிச்சிருந்தேன். அவன் இங்கிட்டும் அங்கிட்டும் பாத்தான். போனட்டத் தொறந்தான். நான் வச்ச பிளக்க ஒண்ணொண்ணாக் கழட்டி வெளிச்சத்துல பாத்தான். அதுல ரெண்ட எடுத்து மூலையில கெடக்க டிரம்முக்குள்ள போட்டான். மடியில இருந்து வேற ரெண்டு பிளக்க எடுத்து மாட்டினான். மடியில, அண்ணாச்சி. தேச்சுத் தொடச்சு, தயாரா வச்சிருக்கான். திருடன்.

கையும் களவுமாப் பிடிச்சிட்டேன். அவன் ஓடல. ஒரு பிளக்க நீட்டி, 'அத்தான், பீங்கான் கீறிருக்கு பாருங்க, கண்ணுக்கு லேசுல தெரியாது'ங்கான். நான் சத்தமே போடல. மெதுவாத்தான் கூப்பிட்டேன். 'எங்க, காட்டு பாப்போம். இங்க வா, வைஸ் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு'ன்னேன். வந்தான். சன்னலுக்குக் கீழ மேசையில போல்ட்டு போட்டு முறுக்கிருக்கே, இரும்பக் கவ்விப் பிடிக்க இந்த வைஸுதான். 

பிளக்கக் காட்டுததுக்குக் கைய நீட்டினான்லா, அந்தக் கைய அப்படியே பிடிச்சு வைஸு வாய்க்குள்ள வச்சேன். வலது கை. பிடிய ஒரு சுத்து சுத்தினேன். கை மாட்டிக்கிட்டு. 'எத்தன வண்டி கலைச்ச?'ன்னேன். 'கலைக்கல அத்தான், கீறுனத மாத்தித்தான் விட்டேன்'னான். பாத்தீங்களா, மாத்துனேன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இன்னொரு சுத்து. 'எப்பருந்து மாத்துத?' 'உங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் அத்தான்'னான். என் பேரு கெட்டுறக் கூடாதாம். இவன் காப்பாத்துதானாம். இன்னொரு சுத்து. முருங்கக்காய ஒடிச்சா ஒரு சத்தம் வரும்லா, அதேதான். அவன் கத்துனது டீக்கட வரைக்கும் கேட்டுருக்கு. ஒரு பய வரல. வர மாட்டானுவ. என்னப் பத்தித் தெரியும்.

அந்த நேரம் பாத்து ஜெயக்கனி சோத்து வாளியோட வாரா. வந்தவ என்ன செய்யணும்? என்னங்க, என்ன நடந்துச்சுன்னு புருசன்கிட்ட கேக்கணும்லா? கேக்கல. நேரா வைஸு பிடியப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பப் போறா. 'அவன் மாத்துதது எனக்கு மொதல்லருந்தே தெரியும், நான்தான் சொல்லாதலேன்னேன், சொன்னா நீங்க கொன்னுபோடுவீங்க'ங்கா. அப்ப ரெண்டு பேரும் கூட்டு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, என் சோத்தத் தின்னுக்கிட்டு. விட்டேன் ஒண்ணு, செவிட்டுல. சோறும் கொழம்புமா அந்த மூலையில போயி விழுந்தா. எந்திரிக்க மாட்டாள்னு நெனச்சேன். எப்பவும் எந்திரிக்க மாட்டா, அழுதுட்டுக் கெடப்பா. 

அன்னைக்கு எந்திரிச்சா. எந்திரிச்சவ கையில ஜாக்கி லிவரு. நான் பாக்கல. இந்தா, தலையத் தொட்டுப் பாருங்க. பரவால்ல, தொடுங்க. பள்ளம் தெரியுதா? கட்டுன புருசன் மண்டையில இப்படி அடிக்க ஒருத்திக்கு மனசு வருமா? நான் கண்ணு முழிக்கும்போது ஆஸ்பத்திரியில கெடக்கேன். அவளும் இல்ல, அவனும் இல்ல. ஷெட்டுக்குத் திரும்பி வந்தா வைஸு மட்டும் தொறந்து கெடந்துது. அதுல ஒட்டிருந்தத நான்தான் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சேன்.

பொறவுதான் அந்த டிரம்மக் கவுத்துனேன். உள்ள பூரா பிளக்கு. எல்லாம் நான் வச்ச பிளக்கு. ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தா, ஒவ்வொண்ணு பீங்கான்லயும் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அத்தனையையும் ஒடச்சு ஒடச்சுப் போட்டிருக்கான் பாருங்க. என்ன வஞ்சம் இருந்தா ஒருத்தன் உக்காந்து இப்படி ஒடைப்பான்? பெத்த தாய் செத்தவனுக்குச் சோறு போட்ட எனக்கு அவன் செஞ்சது இது. நான் அழுதேன் அண்ணாச்சி. பொய் சொல்லல, அந்த டிரம்மு பக்கத்துல உக்காந்து அழுதேன்.

தேடாத எடம் இல்ல. ஏரல்ல அவ சித்தி வீடு இருக்கு. சித்தி கதவத் தொறக்க மாட்டேன்னுட்டா, கதவு இருந்தாத்தானே தொறக்க மாட்டாள்னு கடப்பாரையால பேத்து எடுத்துட்டேன். சித்தப்பனுக்கு இனி தோளு மேல தூக்க முடியாது. அப்பவும் சொல்லல. நாசரேத்து, உடன்குடி, தூத்துக்குடி, எல்லாம் பாத்தாச்சு. இந்த ரோட்டுல வர்ற ஒவ்வொரு வண்டி போனட்டையும் தொறக்கேன்லா, அது ஏன்னு நெனச்சீங்க?

மூணாவது பிளக்கு. இதப் பாருங்க. நல்லாப் பாருங்க. சைடுக் கம்பி நுனி எப்படி இருக்கு? சதுரமா இருக்கா? மூல ரெண்டும் கூரா இருக்கா? அரம் போட்ட தடம் தெரியுதா, நேரா, ஒரே சாய்ப்புல? முள்ளுல ஒரு கீறல் கெடையாது. மொத பிளக்கு வெளிய வந்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி. நீங்க சங்கடப்படக் கூடாதேன்னுதான் சொல்லல. ஆனா சாய்ப்பு மட்டும் மாறிருக்கு. முன்னால வலமிருந்து இடமா இருக்கும். இப்பம் இடமிருந்து வலமா இருக்கு. அவன் எந்தக் கையால அரம் போட்டான்? எடது கைதானே?

கவனிக்கலையா. எதுத்தாப்புல உக்காந்து மோர் குடிச்சிருக்கீங்க, கவனிக்கலையா. சரி விடுங்க. அந்த அக்கா எப்படி இருக்கா? கழுத்துல இங்கன ஒரு தழும்பு இருக்குமே, சைலன்ஸர் பட்ட தழும்பு. அவளாப் போயி சாஞ்சுக்கிட்டா, நான் லேசாத் தள்ளுனதுக்கு. பாத்தீங்களா அந்தத் தழும்ப?

அக்காவே இல்லையா? இப்பத்தானே சொன்னீங்க, பெருங்காயம் போட்ட மோருன்னு. அது வேற கடையா? ஊரே பாவூர்சத்திரம் இல்லையா? தென்காசியா? அண்ணாச்சி, நீங்க வந்து இறங்குனப்ப என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ரயில்வே கேட்டு தாண்டி, தகரக் கூரை, முன்னால ஒரு வாதாம் மரம்னீங்க. அந்தப் பக்கம் போனா அவன்கிட்ட காட்டுங்க, தங்கமான பையன்னீங்க. நானாக் கேக்கல, நீங்களாத்தான் சொன்னீங்க. 

ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? நான் என்ன செஞ்சிருவேன்? நாலு வார்த்த பேசணும், அவ்வளவுதான். அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அவன் இன்னொரு கைய வச்சுக்கிட்டு என் வேலையப் பழிச்சுக்கிட்டு இருக்கான், அத ஒரு தடவ பாக்கணும். நம்ம ரெண்டு பேரும் சேந்தே போவோம். முருகன் எங்கயும் ஓடிர மாட்டான், திருச்செந்தூருக்கு நாளைக்குப் போங்க. வழி காட்டுனாப் போதும். மூணாவதையும் நாலாவதையும் நெம்பிருதேன். டிக். டிக். நான் உள்ள போயி ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு, சட்டைய மாட்டிட்டு வந்திருதேன். எங்கயும் போயிராதீங்க, பிளக்கு இல்லாம வண்டி நகராது.

ம். இருக்கீங்க. நல்லது. நாலையும் மாட்டி முறுக்கியாச்சு, ஒயரும் சொருகியாச்சு. ஜாக்கி லிவர பின் சீட்டுல போடுதேன், வழியில தேவப்படும். ஏறுங்க. சாவியப் போடுங்க. 

ஸ்டார்ட் அடிங்க இன்னொரு தடவ.

ஓடட்டும், ஆஃப் பண்ணாதீங்க. கேக்குதா? டப், டப்புன்னு. மிஸ்ஸிங் அடிக்குது. ஆக்ஸிலேட்டர மிதிங்க. மிதிங்கன்னா. வண்டி கிழவன் மாதிரி உதறுது. ஆஃப் பண்ணுங்க.

எப்படி இது? நான் வச்ச கேப்பு அண்ணாச்சி. நாலும் நான் என் கையால வச்ச கேப்பு. வரும்போது வண்டி நல்லாத்தான் வந்துது, நீங்களே சொன்னீங்க, நானும் கேட்டேன். இங்க நம்ம ரெண்டு பேரத் தவிர வேற ஆளு கெடையாது. நான் தண்ணி குடிக்க உள்ள போனேன். பிளக்கு நாலும் இந்தப் பெட்டி மேலதான் இருந்துது. நீங்க பெட்டி பக்கத்துல இருந்தீங்க.

தொடலையா. அவனும் மொதல்ல அப்படித்தான் சொன்னான். அங்க போவக் கூடாதுன்னு பாக்கீங்க, என்ன? ஒரு வாய் மோருக்கு இவ்வளவு விசுவாசமா?

சாவிய இங்க குடுங்க. இறங்குங்க. நான் கோவப்படல, பாருங்க, சத்தமாக் கூடப் பேசல. தொட்டிருந்தா வெரல்ல கரி இருக்கும், இல்லன்னா இருக்காது, அவ்வளவுதானே. கையக் காட்டுங்க. இங்கன இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல. இப்படி வாங்க, வைஸ் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு.